புது மூளை, கறுப்புத் திரை

நல்ல விலை கொடுத்து வாங்கிய புது உறுப்பு. அதற்கென்றே செய்த குழியில் அழுத்தம் கொடுக்காமலே போய் உட்கார்ந்துகொள்கிறது. பொத்தானைத் தட்டினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. திரை மட்டும் கறுப்பு. கம்ப்யூட்டருக்குச் செயலியை, கடைப் பேச்சில் 'பிராசஸரை', மாற்றிப் பார்த்த பலரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது நின்றிருப்பார்கள். எல்லாம் பொருந்தியிருக்கிறது, பிறகு ஏன் ஓடவில்லை?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு டிசைன் கடையை உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பட்டுச்சேலையின் கரைக்கும் முந்திக்கும் உருவம் போட்டுக் கொடுக்கும் கடை. ஒரு தலைமுறைக்கு முன் அந்த வேலை கட்டம் போட்ட தாளில் நடந்தது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவு நூலை ஓர் ஊடை நூல் கடக்கும் இடம். 240 கொக்கி உள்ள ஜக்கார்டு பெட்டிக்கு, 400 ஊடை உயரத்தில் ஓர் அன்னம் வேண்டுமென்றால் 96,000 கட்டம். ஊடை ஒன்றுக்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி எழும், இல்லாத இடத்தில் கிடக்கும். இன்று அந்தக் கட்டங்கள் திரையில் நிரம்புகின்றன. (ஜக்கார்டு அட்டையிலிருந்துதான் கம்ப்யூட்டரே பிறந்தது என்ற கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இங்கே வேண்டாம்.)

கடையில் இருப்பது 2018இல் வந்த ஒரு கூட்டணி: ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி செயலி, பி450 ரக மதர்போர்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலிலோ 2200ஜி இல்லை. முழு மெஷினையும் மாற்ற வேண்டாம், செயலியை மட்டும் மாற்றினால் போதும் என்று கடைக்காரர் முடிவு செய்கிறார். கணக்கு சரியானதுதான். அதே குழியில் உட்காரும் ரைசன் 5 5600 சென்னை ரிச்சி தெருவிலிருந்து பஸ் ஏறி வருகிறது. நான்கு மையங்கள் ('கோர்') இருந்த இடத்தில் ஆறு.

"அண்ணே, ஃபேன் சுத்துது. டிஸ்ப்ளே வரல" என்கிறான் சர்வீஸ் பையன்.

ஃபேனின் சாட்சி செல்லாது

ஃபேன் சுற்றினால் 'போர்டு உயிரோடு இருக்கிறது' என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஃபேனுக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டும். மின்பெட்டி அதைக் கொடுத்தால் அது சுற்றும். செயலி தூங்கினாலும் சுற்றும், செத்தாலும் சுற்றும். தெருவிளக்கு எரிவதால் வீட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்று சொல்ல முடியாதல்லவா, அதே கதை.

பொத்தானைத் தட்டியதும் நடப்பது ஒரு வரிசை. மின்பெட்டி தன் மின்னழுத்தங்கள் நிலைப்பட்டனவா என்று பார்த்து, 'சரி' என்று போர்டுக்கு ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. ஏஎம்டி செயலியாக இருந்தால் அதற்குள் குடியிருக்கும் ஒரு குட்டிச் செயலி முதலில் கண் விழிக்கிறது. அது போர்டின் ஓர் ஓரத்தில் இருக்கும் சிறு நினைவுச் சில்லிலிருந்து முதல் கட்டளைகளைப் படிக்கிறது. அந்தக் கட்டளைகளின்படி ரேம் பழக்கப்படுத்தப்படுகிறது. அதன் பிறகே படம் காட்டும் பகுதி எழுகிறது. ஹார்ட் டிஸ்க்கின் முறை கடைசியில்தான்.

ஆகவே கறுப்புத் திரை ஒரு நோயின் பெயர் இல்லை. வரிசையில் படம் எழுவதற்கு முன்னால் எங்கே அறுந்தாலும் வெளியே தெரிவது அதே கறுப்புதான்.

துயிலெழுப்பி

ஓரத்துச் சில்லில் இருக்கும் அந்த முதல் கட்டளைத் தொகுப்புக்கு பயாஸ் என்று பெயர். தமிழில் அதைத் துயிலெழுப்பி எனலாம். விடியலில் பள்ளியெழுச்சி கேட்டுப் பழகிய ஊரில் இந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது.

இதே காஞ்சியில் திருவெஃகாவில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயில் இருக்கிறது. ஆழ்வார் போகச் சொன்னதும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார், வரச் சொன்னதும் திரும்பி வந்து படுத்தார் என்பது தலபுராணம். கம்ப்யூட்டரும் சொன்ன வண்ணம் செய்கிற ஜாதிதான். ஆனால் சொல்கிறவர் தன் பாஷையில் பேச வேண்டும். 2018இல் எழுதிய துயிலெழுப்பிக்கு 2022இல் சந்தைக்கு வந்த 5600 எப்படித் தெரியும்? அதற்கு எத்தனை வோல்ட் கொடுப்பது, அதன் ரேம் கட்டுப்பாட்டை எப்படி அமைப்பது என்ற குறிப்பு எதுவும் அதனிடம் இல்லை. போர்டில் கோளாறு இல்லை, செயலியிலும் இல்லை. இருவருக்கும் அறிமுகம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

ஒரே குழி, வேறு பேச்சு

'குழியில் உட்கார்ந்தால் ஓடும்' என்ற நம்பிக்கையைப் பெரிய கம்பெனிகளே உடைத்திருக்கின்றன. இன்டெல் 2015 முதல் விற்ற ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகளின் குழிக்கு 1151 தொடுபுள்ளிகள். 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151தான். அளவு ஒன்று, பெயர் ஒன்று. ஆனால் சில புள்ளிகளின் வேலையை மாற்றியிருந்தார்கள். பழைய போர்டில் புதியது உட்காரும்; ஓடாது.

ஏஎம்டியின் ஏஎம்4 குழி வேறு வழியில் போனது. 1331 ஊசித் துளைகள் கொண்ட அந்த ஒரே குழியில் பல தலைமுறைகளை ஓட்டினார்கள். வாங்கியவர்களுக்கு லாபம், துயிலெழுப்பிக்கு நெருக்கடி. பல போர்டுகளில் அது வாழும் சில்லின் கொள்ளளவு 16 மெகாபைட். இன்று ஒரு கைப்பேசியில் எடுக்கும் நான்கைந்து படங்களுக்கே அந்த இடம் போதாது. ஒவ்வொரு புதுச் செயலிக்கும் குறிப்பு சேரச் சேர இடம் திணறியது. 2019இல் எம்எஸ்ஐ நிறுவனம் தன் பழைய போர்டுகளுக்கான பயாஸில் அலங்காரப் பக்கங்களைக் கழற்றி எளிய முகப்பு வைத்தது. கூடவே இரட்டிப்பு கொள்ளளவுச் சில்லோடு 'மேக்ஸ்' என்று பெயரிட்டுப் புதிய போர்டுகளையும் இறக்கியது. 2020 மே மாதம், 400 வரிசைப் போர்டுகளுக்கு அடுத்த தலைமுறைச் செயலி கிடையாது என்று ஏஎம்டி அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் முடிவு மாறியது. பிள்ளையார்பாளையத்துக் கடைக்காரர் இன்று தன் பி450 போர்டில் 5600ஐப் போட நினைக்க முடிவதே அந்தக் கொதிப்பின் புண்ணியத்தில்தான்.

எந்தச் செயலிக்கு எந்தப் பயாஸ் பதிப்பு முதல் ஆதரவு என்ற பட்டியலைப் போர்டு தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் வெளியிடுகிறார். வாங்கும் முன் அதைப் பார்ப்பது பத்து நிமிட வேலை. பார்க்காமல் வாங்குவது நம் எல்லோருக்கும் வழக்கம்.

ரப்பரும் பழைய செயலியும்

பையன் முதலில் செய்வது இந்தியா முழுவதும் செய்வதைத்தான். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்க்கிறான். ஊதுகிறான். 'டக்' என்று இரு பக்கமும் கொக்கி விழும் வரை அழுத்திச் செருகுகிறான். இதை மூடநம்பிக்கை என்று சிரிக்க வேண்டாம். விளிம்பில் படியும் அழுக்கு உண்மையிலேயே தொடுப்பைக் கெடுக்கும், தேய்த்தால் சில சமயம் சரியாகும். அந்தச் 'சில சமயம்'தான் ரப்பருக்கு இத்தனை புகழ் சேர்த்துவிட்டது.

இம்முறை ஒன்றும் நடக்கவில்லை. இந்த இடத்தில் பலர் தவறுகிறார்கள். போர்டு போய்விட்டது என்று போர்டு வாங்குகிறார்கள், பிறகு ரேம், பிறகு மின்பெட்டி. நல்ல உறுப்புகள் ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போகின்றன.

கடைக்காரர் வேறு ஒன்று சொல்கிறார். "தம்பி, பழசையே திரும்பப் போடு."

2200ஜி உள்ளே போகிறது. திரை வருகிறது.

தோற்றுப்போய்ப் பின்வாங்கிய மாதிரி இருக்கும் இந்தக் காரியம் எத்தனை பேரை விடுதலை செய்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். போர்டு நல்லது. ரேம் நல்லது. மின்பெட்டி, கேபிள், மானிட்டர் நல்லவை. ஒரே சோதனையில் ஐந்து பேர் மீதான சந்தேகம் தீர்ந்தது. எஞ்சியது புதுச் செயலி, அல்லது அதற்கும் மற்றவற்றுக்கும் இடையிலான பேச்சு.

திரை வந்ததுமே பயாஸ் பதிப்பைப் பார்க்கிறார்கள். 2018ஆம் ஆண்டுத் தேதி. அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதைப் பழைய செயலியை வைத்துக்கொண்டே செய்ய வேண்டும், ஏனென்றால் புதியது எழுந்து உட்கார்ந்தால்தானே வேலை செய்யும்! (செயலியே இல்லாமல், மின்சாரம் மட்டும் கொடுத்து, ஒரு பொத்தானைப் பிடித்துப் புதுப்பிக்கும் வசதி சில போர்டுகளில் உண்டு. இதில் இல்லை.) கோப்பை யுஎஸ்பியில் ஏற்றி, மெஷினை யுபிஎஸ்ஸில் செருகி, அது முடியும் வரை யாரும் வயர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பாதியில் கரன்ட் போனால் துயிலெழுப்பியே எழாது. அதை எழுப்ப வேறு ஆளும் கிடையாது.

புதுச் செயலி மறுபடி உள்ளே. பொத்தான். ஃபேன்.

கறுப்பு.

இரண்டு அறுந்தால்

தறிக்காரர் வீட்டில் இதற்கு ஒரு ஒப்புமை உண்டு. நெய்த துணியில் அன்னத்தின் கண் இருக்கும் இடத்தில் ஜரிகை எழவில்லை. அட்டையைப் பார்க்கிறார்: ஓட்டை குத்த விட்டுப்போயிருக்கிறது. குத்தியாயிற்று. மறுபடி நெய்தால் அதே குறை. அட்டை காரணம் இல்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டினால் அவர் மாட்டிக்கொண்டார். ஏனென்றால் அதே கொக்கியின் நூலும் மேலே அறுந்திருக்கிறது. இரண்டில் எதைத் தனியே சரிசெய்தாலும் துணியில் மாற்றம் தெரியாது.

கடை மெஷினிலும் அதுதான் நடந்தது. 2200ஜி என்ற பெயரின் கடைசி 'ஜி' வெறும் எழுத்தில்லை. படம் காட்டும் பகுதி செயலிக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் மானிட்டர் கேபிளை இத்தனை நாள் போர்டிலேயே செருகி ஓட்ட முடிந்தது. வாங்கி வந்த 5600இல் அந்த 'ஜி' கிடையாது. போர்டின் எச்டிஎம்ஐ துளை பழையபடி இருக்கிறது, பின்னால் படம் வரைய ஆள் இல்லை. இன்டெல் பக்கம் இதே சங்கதி பெயரின் முடிவில் வரும் 'எஃப்' எழுத்தில் ஒளிந்திருக்கும்: அங்கே எஃப் இருந்தால் படப்பகுதி இயங்காது.

'ஒன்றை மாற்று, பார், பலனில்லையென்றால் பழையபடி வை' என்பது பழுது பார்க்கிறவர்களின் பொதுவான வாய்ப்பாடு. நல்ல வாய்ப்பாடுதான், ஆனால் இங்கே காலை வாரிவிடும். யோசித்துப் பாருங்கள்: பையன் முதல் நாளே ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் செருகியிருந்தால்? துயிலெழுப்பி பழையது, ஆகவே திரை கறுப்பு. 'கார்டு இல்லாதது காரணமில்லை' என்று கழற்றி வைத்திருப்பான். பிறகு பயாஸைப் புதுப்பிப்பான். கார்டு இல்லாததால் திரை மறுபடி கறுப்பு. 'பயாஸும் காரணமில்லை.' இரண்டு சரியான மருந்தையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்து இரண்டையும் தள்ளிவிட்டு, கடைசியில் செயலி டூப்ளிகேட் என்று கடையில் போய்ச் சண்டை போட்டிருப்பான்.

தப்பிக்க வழி? திரை ஒன்றையே சாட்சியாக நம்பாமல், வரிசையின் நடுவில் வேறு சாட்சியைத் தேடுவது. பல போர்டுகளின் விளிம்பில் அரிசி மணி அளவில் நான்கு விளக்குகள் உண்டு: செயலி, ரேம், படம், டிஸ்க் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. வரிசை எங்கே நின்றதோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். பயாஸ் புதுப்பிக்கும் முன் எரிந்து நின்றது செயலி விளக்கு. புதுப்பித்த பின் நிற்பது பட விளக்கு. திரையைப் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு. விளக்கைப் பார்த்தால் வண்டி இரண்டு ஸ்டேஷன் தாண்டியிருக்கிறது. முதல் மருந்து வேலை செய்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

பையன் வீட்டிலிருந்து ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டுவந்து செருகி, கேபிளை அதில் மாட்டுகிறான்.

ஒய்யா, என்னா?

திரை வருகிறது. வந்ததும் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி: புதுச் செயலி பொருத்தப்பட்டிருக்கிறது, பாதுகாப்புப் பெட்டகத்தை அழித்துப் புதிதாக்கவா? ஒய் அழுத்து, அல்லது என் அழுத்து. சற்று முன் கறுப்புத் திரைக்குப் பின்னால் மெஷின் இதைக் கேட்டுவிட்டு யாரும் பதில் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்திருக்கவும் கூடும்.

இந்தப் பெட்டகத்தில் இருப்பவை ரகசியச் சாவிகள். விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பூட்டின் சாவியும் இங்கேதான். பெட்டகம் செயலியோடு கட்டுப்பட்டது. செயலி மாறினால் பழைய சாவி திறக்காது. யோசிக்காமல் ஒய் அழுத்தினால் அடுத்ததாக விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ள அத்தனை அன்னமும் யாளியும் மயிலும் பூட்டிய அறைக்குள். ஆகவே பெட்டியைத் திறக்கும் முன்பே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். இந்தக் கடையில் டிஸ்க் பூட்டப்படவில்லை. ஒய்.

இன்னொரு சிறு வியப்பு பாக்கி. புது மூளை போட்டும் ரேம் முன்னைவிட மெதுவாக ஓடுகிறது. பயாஸ் புதுப்பித்ததில் பழைய அமைப்புகள் அழிந்து, 3200 வேகத்துக்கு வாங்கிய ரேம் 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஒரு வரியை மாற்றினால் சரி.

செயலியே பொய் சொன்ன கதை

புதுச் செயலியே குறையுள்ளதாக இருப்பது அபூர்வம். அதனால்தான் பழுது பார்ப்பவர்கள் அதைக் கடைசியில் சந்தேகிக்கிறார்கள். அந்தக் கடைசிச் சந்தேகம் உண்மையான ஒரு சம்பவம் உண்டு.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண்களைப் பற்றிய ஒரு நீண்ட கணக்கைப் பல கம்ப்யூட்டர்களில் ஓட்டிக்கொண்டிருந்தார். 1994 மார்ச்சில் அந்தக் கூட்டத்தில் ஒரு புது பென்டியம் சேர்ந்தது. ஜூனில் விடைகள் ஒத்துப்போகவில்லை. அவர் செயலியைக் குறை சொல்லவில்லை. தன் நிரலைச் சந்தேகித்தார். மதர்போர்டின் துணைச் சில்லுகளைச் சந்தேகித்தார். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார். மாதங்கள் ஓடின. அக்டோபரில்தான் குற்றவாளி பென்டியத்தின் வகுத்தல் பகுதி என்று உறுதியாயிற்று. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.3338 வர வேண்டும். அந்தச் செயலி 1.3337 என்றது. வகுத்தலுக்கு உதவும் உள் அட்டவணையில் சில கட்டங்கள் நிரப்பப்படாமல் போயிருந்தன. ஓட்டை குத்த மறந்த அட்டைதான், அளவு மட்டும் சிறியது. செயலிகளை மாற்றிக் கொடுக்க இன்டெல் ஒதுக்க நேர்ந்த தொகை 47.5 கோடி டாலர்.

2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைச் செயலிகள் சில, ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுமாறின. தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கித் தங்களையே தேய்த்துக்கொண்டன. நிறுவனம் திருத்தத்தைப் பயாஸ் வழியாகவே அனுப்பி, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. துயிலெழுப்பி அங்கே வைத்தியரும் ஆயிற்று.

சித்திரை வெயிலில்

கடை மெஷின் இப்போது ஓடுகிறது. பத்து நிமிடம் பறக்கிறது, பிறகு நடக்கிறது. பெரிய முந்தியை நிரப்பும்போது திரை திக்குகிறது. இது வெப்பம். செயலி தன் வரம்பை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

செயலியின் தலைக்கும் மேலே உட்காரும் உலோகக் குளிர்விப்பானுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று தங்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பற்பசை போன்ற அந்தச் சாம்பல் நிறப் பசை. பையன் பழைய செயலியில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டி எடுத்து, புதியதில் பாதி பட்டும் படாமலும் வைத்திருந்தான். துடைத்து, ஒரு பட்டாணி அளவு வைத்து, மறுபடி இறுக்குகிறார்கள்.

பசைக்கு இன்னொரு குறும்பும் உண்டு. ஏஎம்4 செயலிகளின் ஊசிகள் செயலியின் அடிவயிற்றில் இருக்கின்றன. பசை காய்ந்து பிடித்திருக்கும்போது குளிர்விப்பானை நேராக மேலே இழுத்தால், பூட்டியிருக்கும் செயலியும் வேரோடு கூட வந்து ஊசி வளைந்துவிடும். கழற்றும் முன் மெஷினைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கி, குளிர்விப்பானை இடமும் வலமுமாக மெல்லத் திருக வேண்டும்.

மீதிக் குற்றம் ஊருடையது. குளிர்விப்பானால் செயலியை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அக்னி நட்சத்திரத்தில் அறையே 38 டிகிரி என்றால் அங்கிருந்துதான் கணக்கு தொடங்கும். தறி இருக்கும் தெருவில் பஞ்சும் பட்டுத் துகளும் காற்றோடு பெட்டிக்குள் போய், குளிர்விப்பானின் தகடுகளுக்கிடையே கம்பளி மாதிரி படிந்திருந்தன. பிரஷ்ஷால் தட்டியபோது அதில் ஒரு இழை ஜரிகையும் வந்தது.

குங்கும டப்பா

2018 பிப்ரவரியில் 2200ஜி சந்தைக்கு வந்தபோது அதற்கும் இதே அறிமுகச் சிக்கல் இருந்தது. கடை அலமாரிகளில் இருந்த போர்டுகளின் துயிலெழுப்பிக்கு அதை அடையாளம் தெரியவில்லை. புதுப்பிக்கப் பழைய செயலி வேண்டும். புதிதாக வாங்கியவரிடம் பழையது ஏது? மாட்டிக்கொண்டவர்களுக்கு ஏஎம்டி ஒரு மலிவான செயலியைக் கடனாக அனுப்பியது. போட்டு, பயாஸைப் புதுப்பித்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

பையன் 2200ஜியைப் பழைய விலைக்குப் போட்டுவிடலாம் என்கிறான். கடைக்காரர் கொடுக்கவில்லை. ஊசிகள் வளையாதபடி ஒரு துண்டு தெர்மாகோலில் அதைக் குத்தி, காலியான குங்கும டப்பாவில் வைத்து, மேலே தேதியும் பயாஸ் பதிப்பு எண்ணும் எழுதி, அட்டைக் கட்டுகள் இருக்கும் அலமாரியில் வைத்துவிடுகிறார்.